பழைய தெரு எடைக்கு எடுக்கப்படும்

சென்னை மாநகரத்துக்கு வடசென்னை மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. "அந்தப் பக்கம் போகாதே, செயினை அறுத்துடுவான்" என்று மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்த வீடுகளிலிருந்து, கழுத்தில் கேமராவும் முதுகுப்பையில் தண்ணீர் பாட்டிலுமாக, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பட்டாளத்தில் வந்து இறங்குகிறார்கள். பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டின் ஆன்மாவைப் பார்க்க வேண்டுமாம். ஆன்மாவைப் பார்க்க முன்பதிவு உண்டு, கட்டணம் உண்டு. கட்டணத்தில் ஒரு துணிப்பை, ஒரு பேட்ஜ், இட்லி வடகறி அடக்கம். மழைக்காலத்தில் தரிசனம் கிடையாது. அப்போது ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஷூ நனைந்துவிடும்.

நான் இந்த ரோட்டுக்காரன். டவுட்டனில் ஆரம்பித்துப் பட்டாளம் தாண்டி மில் பக்கம் போகிற இந்த ரோட்டில், பக்கவாட்டுச் சந்து ஒன்றில் பிறந்தவன். எங்கள் சந்துக்குள் வெளியாள் என்று வந்தது மூன்றே வகை: ஓட்டு கேட்பவர், வட்டிப் பணம் வசூலிக்கிறவர், சந்தேகக் கேஸுக்கு ஆள் பிடிக்கிற போலீஸ்காரர். இப்போது நான்காவது வகையாக நினைவு கேட்பவர் வருகிறார். முதல் மூவரிடமும் ஒரு நேர்மை இருந்தது. என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காமவர் "உங்கள் கதையைக் கேட்க வந்திருக்கிறோம்" என்கிறார். கதையை அவர் ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டுதான் வருகிறார். நாம் நடுநடுவே தலையாட்ட வேண்டும், அவ்வளவே.

இந்த ஞாயிற்றுக்கிழமை நடைப் பயணத்தை நடத்துகிற தம்பிக்கு நல்ல குரல். இங்கே வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தின் பாசறை இருந்தது, அதனால்தான் இந்த ரோட்டுக்கு இந்தப் பெயர் என்று ஆரம்பித்து, காக்கித் துணி, மில் சங்கு, கேரம், பாக்ஸிங், கானா என்று வரிசையாக வந்து, "இங்கே எல்லோரும் ஒரே குடும்பமா வாழ்ந்தாங்க" என்று ஒரு பெருமூச்சோடு நிறுத்துவான். கூட்டமும் பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு விடுகிற இடத்துக்கு நேர் எதிரேதான் இட்லிக் கடை ஆயா உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா குனிந்து அன்பாகக் கேட்டார்.

"ஆயா, அந்தக் காலத்துல இந்தத் தெரு எப்படி இருந்துச்சு?"

"இப்ப மாதிரியேதாம்மா இருந்துச்சு. தண்ணி மட்டும் இவ்ளோ நிக்காது."

"இல்ல ஆயா, உங்க நினைவுல இருக்கற அழகான விஷயம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

ஆயா இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தது.

"கக்கூஸ் கட்டிக் குடுத்தாங்களே, அதாம்மா அழகு. அதுக்கு மின்னாடி பொம்பளைங்க நாங்க விடியறதுக்குள்ள எழுந்து மில் காம்பவுண்டு ஓரமாப் போயிட்டு ஓடியாரணும். வயசுப் பொண்ணு இருந்தா கூட ரெண்டு பேரு காவலுக்குப் போவணும்."

கேமரா மெதுவாகக் கீழே இறங்கியது. தம்பி அவசரமாக, "ஆயா, அந்தச் சங்கு சத்தம் பத்திச் சொல்லுங்க" என்றான். ஆயா வாயைக் குவித்து ஊதிக் காட்டியது. கேமரா மறுபடி மேலே ஏறியது. அந்த வீடியோ நிறையப் பேருக்குப் பிடித்துப்போனதாகப் பிறகு சொன்னார்கள். ஆயா கடைக்கு அதனால் ஒரு இட்லி கூட அதிகமாக விற்கவில்லை.

சங்கு என்றால் எல்லோருக்கும் கொள்ளை ஆசை. கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுதான் நேரம் சொன்னது, அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள், அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஓடின என்று உருகுகிறார்கள். உண்மைதான். ஆனால் சங்கு ஊதியது எங்கள் உலைக்காக அல்ல. ஊதி முடித்தபின் கேட்டுக்கு வந்தவனை மேஸ்திரி பார்க்கிற பார்வையைப் பற்றி என் தாத்தா சொல்லும்போது, செத்துப்போன அந்த மேஸ்திரியை இன்னும் நாலு கெட்ட வார்த்தையால் குளிப்பாட்டுவார். அந்தச் சொற்களை நினைவுக் காப்பகத்தில் யாரும் பதிவு செய்துகொள்வதில்லை.

1876இல் பக்கிங்காம் மில். 1881இல் கர்நாடிக் மில். இரண்டும் பின்னி கம்பெனியின் கையில். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் என்று சுற்றுவட்டாரமே அந்த இரண்டு கேட்டுகளைப் பார்த்து வளர்ந்ததுதான். சிப்பாய் உடுத்திய காக்கி இங்கே நெய்தது. அந்தத் துணிக்குப் பஞ்சைப் பிரித்துக் கொடுத்தவனின் நுரையீரலுக்குள் போனதும் அதே பஞ்சுதான். எங்கள் சந்தில் இரவில் கேட்ட சத்தம் இருமல். கானா பாட்டு எப்போதாவதுதான் வரும், இருமல் தினமும் வரும். "வடசென்னையின் ஓசைகள்" என்று ஒலித்தொகுப்பு தயாரிக்கிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மில் தொழிலாளரைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரைக் கூட்டினார்கள். பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. மேடையில் தமிழை முழங்கினார். அப்போதைய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டுத்தான் இந்த நாட்டின் சங்க வரலாறே தொடங்கியது. அதற்குக் கம்பெனி தந்த பதில், சங்கத் தலைவர்கள் மேல் நீதிமன்றத் தடை. தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவது குற்றம் என்கிற மாதிரி 1920இல் உயர்நீதிமன்றம் அந்தத் தடையைக் கொடுத்தது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று கிளம்பிய முயற்சிதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வரை போய் நின்றது.

நடைப் பயணத்தில் இந்தக் கதைக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை. ஒதுக்கவும் முடியாது. வருகிறவர்களில் பாதிப் பேர், சங்கம் என்று உதட்டை அசைத்தாலே மறுநாள் அடையாள அட்டை வேலை செய்யாமல் போகிற கம்பெனிகளில் இருப்பவர்கள். அவர்களிடம் போய் சோற்று நேரத்துக்குச் சண்டை போட்ட கதையைச் சொன்னால் மேசையிலேயே பர்கர் தின்றுகொண்டு வேலை பார்ப்பது நினைவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடும்.

"எல்லோரும் ஒரே குடும்பமா வாழ்ந்தாங்க" என்றானே தம்பி, அந்தக் குடும்பக் கதைக்கு வருகிறேன். 1920 டிசம்பரில் மில் தகராறில் போலீஸ் சுட்டு இங்கே தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருஷம் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வெளியே நிற்க, ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பியது. கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதுவரை சாதியைக் கழற்றி வைக்காமலேயே "தோழரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரு வாரத்தில் யார் யார் என்று காட்டிக்கொண்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 1921 ஆகஸ்டில் மறுபடி போலீஸ் சுட்டது, மறுபடி பிணம் விழுந்தது. நீதிக்கட்சியில் இருந்த ஆதி திராவிடத் தலைவர் எம்.சி. ராஜா தன் மக்கள் பக்கம் நின்று பேசினார். அந்தக் கட்சியோடு அவர் முறித்துக்கொண்டதற்கு இந்தப் புளியந்தோப்பு நெருப்பும் ஒரு காரணம். ஒரு தட்டில் சாப்பிட மறுத்தவர்களை ஒரு சங்கத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்ததற்கு இந்த ரோடு கொடுத்த விலை அது.

இதை நான் தோண்டி எடுப்பது பழைய புண்ணைக் கீறுவதற்காக அல்ல. புண் பழையதாகவே இல்லை. எந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள், எந்தச் சந்து வரை ரோடு போட்டார்கள், எந்த இடத்தில் தார் நின்று மண் ஆரம்பிக்கிறது என்பதை இன்றைக்கும் ஒரு நடை நடந்தால் காலே சொல்லிவிடும். ஆனால் நடைப் பயணம் அந்தச் சந்துகளுக்குள் திரும்பாது. "அங்கே பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று தம்பி கையைக் காட்டி நேராகக் கூட்டிப் போய்விடுவான்.

சினிமாக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ரோட்டில் வேலைக்குப் போய்த் திரும்பி வருகிறவன், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவன், ரயில்வே லோகோவில் சம்பளம் வாங்குகிறவன், நர்ஸ், வக்கீல், டீச்சர் யாருமே அவர்கள் கேமராவில் விழுவதில்லை. அரிவாள் மட்டும் விழும். வெளுத்த நடிகரை எங்கிருந்தோ அழைத்து வந்து, முகத்தில் மையைப் பூசி, லுங்கியைக் கட்டி, "இன்னாபா" என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, அதற்கு மண்ணின் வாசனை என்று பெயர் வைப்பார்கள். விதிவிலக்காக இரண்டு, மூன்று படங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மற்ற படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் பையனை ராத்திரி பத்து மணிக்கு நிறுத்தி வைக்கிற போலீஸ்காரருக்கு விதிவிலக்குகள் தெரியாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தது புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோக்காரர் மகள் காசிமா. அந்தப் பெண் ஜெயித்த வாரமும் போலீஸ் ரோந்து வண்டி வழக்கம்போல வந்தது.

1996இல் மில் மூடியது. நாள் குறித்து அடைத்துவிட்டு ஒரு நாளில் போய்விடவில்லை. முதலில் ஷிஃப்டைக் குறைத்தார்கள், பிறகு சம்பளத்தை இழுத்தடித்தார்கள், பிறகு மழை வெள்ளத்தைக் காரணம் சொன்னார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதைத் தொட்ட ஆட்கள், தறியைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆட்கள், காலையில் சட்டை போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு கிளம்பி, மூடிய கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் கேட்டால் சொல்ல வெட்கம். சிலர் வாட்ச்மேன் ஆனார்கள். சிலர் மீன்பாடி வண்டி மிதித்தார்கள். சிலர் சாராயத்தைக் குடித்தார்கள், சாராயம் அவர்களைக் குடித்தது. நிலுவைப் பணத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்து, வாங்காமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

காலி மில் சினிமா ஷூட்டிங்குக்கு ஏற்ற இடம் என்று கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை வில்லன்கள் அந்த ஷெட்டுகளில் அடிவாங்கிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தார்கள் என்று கணக்கே கிடையாது. எங்கள் சந்துப் பெரியவர் ஒருவர் இருபத்தேழு வருஷம் தறி ஓட்டிய அதே ஷெட்டுக்குள் வில்லனின் அடியாட்கள் கூட்டத்தில் பதினெட்டாவது ஆளாக நின்றார். அன்றைக்குப் பேட்டாவும் பிரியாணிப் பொட்டலமும் கிடைத்தன. "இந்த இடத்துல நான் உழைச்சதுக்கு வர வேண்டிய பாக்கி வரல. அடி வாங்கறதுக்குக் கரெக்டா கைமேல குடுக்கறாம்பா" என்றார். தமிழில் முதலாளித்துவம் பற்றி எழுதப்பட்ட பெரிய பெரிய புத்தகங்களை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு அவை ஈடு இல்லை.

இப்போது ஷெட் இல்லை, ஷூட்டிங்கும் இல்லை. அறுபது ஏக்கருக்கும் மேலான அந்த நிலத்தில் நாற்பது மாடிக்கு மேல் உயர்ந்த குடியிருப்பு நிற்கிறது. கட்டட விளம்பரங்களுக்குப் பழமை பிடிக்கும். பாரம்பரியம் என்பார்கள், செங்கல் சுவர் மாதிரி வண்ணம் அடிப்பார்கள், மில்லின் பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். படத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், கட்டடம் மட்டும் இருக்கும். ஆட்கள் இருந்தால் அவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கும், பேரன் பேத்தி பக்கத்துச் சந்தில் இருக்கும், அதையெல்லாம் காம்பவுண்டு சுவர் கட்டித்தானே மறைத்தோம் என்ற சங்கடம் வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போகிறார்கள், போகவில்லை என்று சொல்ல மாட்டேன். பாத்திரம் கழுவவும் வீடு பெருக்கவும், வேலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய லிஃப்டில், பை சோதனை செய்யப்பட்டுப் போகிறார்கள். அவர்களின் தாத்தாவையும் மில் கேட்டில் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டார்கள். இந்த ஒரு பாரம்பரியத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

வங்கிக் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. பல வருஷம் முன்பு ஒரு இருசக்கர வண்டிக் கடனுக்குப் போயிருந்தேன். வேலை இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது, உத்தரவாதத்துக்கு ஆளும் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது நெகட்டிவ் ஏரியா லிஸ்ட்ல வருது. அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? அந்த அட்ரஸ் போட்டா பாஸ் பண்ணிடலாம்."

தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டு ஒரு மனுஷனைப் பார்த்துத் தப்பாக நினைக்கிற கலை இந்த ஊரில் மட்டும்தான் உண்டு. நான் எழுந்து வந்துவிட்டேன். அதே வங்கி பிறகு அதே ரோட்டில் ஷாமியானா போட்டு, குளிர்ந்த மோர் கொடுத்து, அந்த அடுக்குமாடிக்கு வீட்டுக் கடன் மேளா நடத்தியது. பின்கோடு அதே 600012தான். நாங்கள் தரையில் இருந்தபோது நெகட்டிவ், அவர்கள் முப்பதாவது மாடியில் இருக்கும்போது பாஸிட்டிவ்.

அரசாங்கம் எங்களுக்கு வீடு கட்டவில்லையா என்று கேட்பீர்கள். கட்டியது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், பழைய குடியிருப்பை இடித்துவிட்டு 1,920 வீடுகளுக்கு அடுக்குமாடி எழுப்பினார்கள். 2021 ஆகஸ்டில் அந்தச் சுவரைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. விரலால் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. ஆணி அடிக்கச் சுத்தியல் தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதும் என்றார்கள் குடியிருப்பவர்கள். இந்த வீட்டுக்குத்தான் ஏழைகளிடம் ஒன்றரை லட்சம் பங்களிப்பு கேட்டிருந்தார்கள். ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், பூச்சில் சிமென்ட் குறைவு என்று அறிக்கை கொடுத்தார்கள். அதைச் சொல்ல ஐ.ஐ.டி. தேவையா? எங்கள் சந்தில் சித்தாள் வேலை பார்க்கிற பெண் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "இது மணலு. சிமெண்டு இந்தப் பக்கம் வந்ததே இல்ல." அடுத்த மாதமே அரசு ஒரு பெரிய சீர்திருத்தம் செய்தது. சுவரை அல்ல, வாரியத்தின் பெயரை. 1970இலிருந்து குடிசை மாற்று வாரியம் என்றிருந்தது, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயரில் சிமென்ட் நன்றாகவே சேர்ந்திருக்கிறது, இதுவரை உதிரவில்லை.

இங்கேயே வீடு கிடைத்தவன் அப்படிப் பார்த்தால் பாக்கியவான். ஓட்டேரி நல்லா ஓடைக் கரையில், கால்வாய் ஓரத்தில், தண்டவாளப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இடமே வேறு. 2000இலிருந்து கண்ணகி நகர், பிறகு எழில் நகர், பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். நகரம் முழுக்கக் கூட்டி அள்ளி தெற்கு மூலையில் சதுப்பு நிலத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது மனிதர்களைத்தான். "ஆக்கிரமிப்பாளர்" என்று நோட்டீசில் எழுதியிருப்பார்கள். ஆக்கிரமிப்பு என்ற சொல் எங்கள் எட்டடிக் குடிசைக்கு மட்டும் ஒட்டும். சதுப்பு நிலத்தை நிரப்பி எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு அதே சொல்லின் பசை பிடிக்காது.

லாரி எப்படி வரும் என்று சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னால் வரும். பள்ளிக்கூடம் நடுவருஷத்தில் இருக்கும்போது வரும். பீரோ, கட்டில், மாவு மிஷின், நாய், சாமி படம், பாட்டி, எல்லாம் ஒரே லாரியில். ஒரு அதிகாரி டோக்கன் கொடுப்பார். முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம் போன பிறகு ஏழாவது மாடியில் இறக்கிவிடுவார்கள். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவன் பெரும்பாக்கத்திலிருந்து எந்தப் பஸ்ஸில் வருவான்? காசிமேட்டில் மீன் எடுத்துப் பட்டாளத்துத் தெருக்களில் கூவி விற்ற அக்கா, அங்கே லிஃப்ட் ஓடாத நாளில் கூடையோடு ஏழு மாடி ஏறி யாரிடம் விற்பாள்? கேட்டால், "வீடு குடுத்திருக்கோம்ல" என்பார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இங்கே தொட்டிலைக்கூட லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அங்கேயும் அழகு துரத்திக்கொண்டு வந்தது. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டினார்கள். நான்கு மாடி உயரத்துக்குச் சிரித்த முகங்கள். வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள், ஓவியங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. படம் எடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதே கட்டடத்து முகவரியை வேலை விண்ணப்பத்தில் எழுதினால் போன் வராது என்று அங்கே இருக்கிற பையன்கள் சொல்கிறார்கள். சுவரில் இருக்கிற முகத்துக்குக் கிடைக்கிற மரியாதை சுவருக்குள் இருக்கிற முகத்துக்குக் கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் தேவைப்படுகிறது.

இனி தண்ணீர். 2015, 2021, 2023: எந்த வருஷத்துப் பெருமழையை எடுத்தாலும் செய்தியில் புளியந்தோப்பும் பட்டாளமும் வரும். ஓட்டேரி நல்லா நிரம்பி, பக்கிங்காம் கால்வாய் வாங்க மறுத்து, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கட்டில் வரை வந்து நிற்கும். வருவது மழைத் தண்ணீர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பாக இருக்கும், நாறும், சமையலறைக்குள் என்னென்ன மிதந்து வந்தது என்பதை எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். படகில் வந்து பிரெட் கொடுப்பார்கள், அந்தப் படகில் புகைப்படக்காரருக்கு முதல் இடம். தண்ணீர் வடிந்ததும் நிவாரணம், நிவாரணத்துக்கு வரிசை, வரிசையில் தள்ளுமுள்ளு, தள்ளுமுள்ளைப் படம் பிடித்து "வடசென்னை மக்கள் ஒழுங்கற்றவர்கள்" என்று ஒரு விவாதம். அடுத்த ஐப்பசிக்கு எல்லாம் புதுசாகத் தொடங்கும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி என்றார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைத்தபோது அது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொன்னால் பொய். தோண்டுகிறார்கள், கட்டுகிறார்கள், பேனர் வைக்கிறார்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: வடசென்னை வளர்ந்து முடிக்கும்போது வடசென்னைக்காரன் எங்கே இருப்பான்? ரோடு அகலமாகும், விளக்கு வரும், நல்லாவுக்குச் சுவர் எழும்பும், கரையில் நடைபாதை போட்டு இரும்பு நாற்காலி வைப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கப்போகிறவர் யார்? கரையில் இருந்தவன் அப்போது ஏழாவது மாடியில் லிஃப்டுக்குக் காத்திருப்பான். அவன் இருந்த இடத்தில் "இங்கே ஒரு காலத்தில் உழைக்கும் மக்கள் வாழ்ந்தார்கள்" என்று அழகான எழுத்தில் பலகை நடுவார்கள். அதைத் திறந்து வைக்க ஒரு அமைச்சர் வருவார். பறை அடிக்க மட்டும் பெரும்பாக்கத்திலிருந்து வேன் வைத்துக் கூட்டி வருவார்கள், அன்றைக்கு மட்டும் போக்குவரத்து இலவசம்.

எனக்கு நடைப் பயணத்துத் தம்பி மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. அவன் கேமராக்காரர்கள் மேலும் இல்லை. அவர்களில் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆயாவுக்கு நூறு ரூபாய் கொடுத்து மீதி வேண்டாம் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். கோபம் என்னவென்றால், உயிரோடு இருக்கிற ஒரு தெருவுக்குக் காரியம் செய்ய வந்துவிடுகிறார்கள் என்பதுதான். நாங்கள் இன்னும் சாகவில்லை. என் தெருவை "அந்தக் காலத்தில்" என்று பேசுகிற ஒவ்வொருவரும், இந்தக் காலத்தில் அது இருக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துணிப்பையை நடைப் பயணம் நடத்துகிறவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டாளத்தைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் ரிப்பன் மாளிகைக்கும் கோட்டைக்கும் ஆளுக்கு ஒரு மனு எழுதுங்கள். எங்கள் மனுக்கள் அங்கே நிறையத் தூங்குகின்றன. உங்கள் ஆங்கிலத்துக்கும் உங்கள் முகவரிக்கும் அங்கே எழுந்து நிற்பார்கள். நீளமாக எழுத வேண்டாம். கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களை அப்புறப்படுத்தினால் அவர்களுக்கு அதே வார்டிலேயே வீடு கொடுங்கள், அந்த வீட்டில் சிமென்ட் போட்டுக் கட்டுங்கள் என்று இரண்டு வரி எழுதி, கீழே உங்கள் பெயரையும் பாஸிட்டிவ் ஏரியா முகவரியையும் தெளிவாகப் போடுங்கள்.